செசிலியின் முதல் சாட்சியம்

செசிலி காலை பத்து மணியிலிருந்து நீதிமன்ற வாசலில் நின்றாள். அவள் தம்பி தனிஸ்லாஸ் மேல் கொலை வழக்கு. கொலை நடந்த மாலையில் அவன் அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அக்காள் சாட்சி எடுபடாது என்று தம்பியின் வக்கீல் அவளைக் கூப்பிடவில்லை.

மூன்று மணிக்கு உள்ளேயிருந்து அவள் குரலே கேட்டது. "தம்பி அன்னைக்கு வீட்டுக்கு வரவேயில்லங்கய்யா."

"யாரு பேசுறது?" என்று டவாலியிடம் கேட்டாள்.

"நீங்கதாம்மா. சாட்சியக் கூப்பிடலன்னா, அது வந்திருந்தா கூப்பிடாதவங்களுக்குப் பாதகமாத்தான் சொல்லியிருக்கும்னு எடுத்துக்குவாங்க. முன்னெல்லாம் ஜட்ஜய்யா மனசுக்குள்ள நினைச்சுக்குவாரு. இப்ப கோர்ட்டுல வச்சிருக்க மெஷின் அந்தச் சாட்சியோட குரல்லயே வாய்விட்டுச் சொல்லிருது."

"நான் இங்கனதானய்யா நிக்கேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போகும்?"

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கூண்டில் ஏறினாள். மோட்டாரிலிருந்து, தம்பி குடித்த கருப்பட்டிக் காப்பி வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார்.

"முதல்ல சொன்னதுக்கு நேர்மாறா சொல்றீங்களேம்மா."

"முதல்ல நான் வாயே தெறக்கலயேய்யா."

அதையும் பதிவு செய்துகொண்டார்கள். மாலையில் வந்த தீர்ப்பில் செசிலி பிறழ்சாட்சி. அவளுடைய முதல் சாட்சியத்தை நம்பித் தம்பிக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருந்தார்கள்.