முருகன் படத்துக்குப் பின்னால்

“தைப்பூசம்தான் முடிஞ்சிடுச்சே, பாயை ஸ்டோர் ரூம்ல வச்சிடவாங்க?”

சரசு கேட்டதும் சுந்தரேசன் பாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். நேற்றுதான் பால்குடம் எடுத்து, சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்து, நாற்பத்தெட்டு நாள் விரதத்தை முடித்திருந்தார். இன்றைக்கும் கூடத்தில்தான் படுத்து எழுந்திருக்கிறார்.

“இல்ல சரசு. பங்குனி உத்திரம் வரைக்கும் தொடரலாம்னு இருக்கேன்.”

“இன்னும் ரெண்டு மாசமா?”

“மனசுல தோணுச்சு.”

சரசு அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். “சரி, அப்ப நானும் இருக்கேன். ஒரே வீட்ல ஒருத்தருக்கு மட்டும் எதுக்கு விரதம்?” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

முருகன் பெயரைச் சொல்லிப் புளுகிவிட்டு, சுந்தரேசன் பாயைச் சுருட்டிக் கூடத்து மூலையிலேயே சாத்தி வைத்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் கம்பெனி ஆட்களோடு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போனவர், அங்கே குடித்த குடியில் பெயர்கூடத் தெரியாத ஒருத்தியோடு இருந்துவிட்டார். பாதுகாப்பு எதுவும் இல்லை. இருபது வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், பெல்ட் மாட்டாமல் ஓர் ஏணியில் ஏறமாட்டார். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனதோ. திரும்பி வந்த மறுநாள் சரசு ஆசையாகப் பக்கத்தில் வந்தபோதும் அவர் விலகவில்லை. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

லிட்டில் இந்தியாவில் முடிவெட்டும் கடை ஒன்றின் மாடியில் ஒரு கிளினிக் இருந்தது. அங்கே பெயர் கேட்கமாட்டார்கள், அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். கிளினிக் பெயர் போட்ட ஒரு சீட்டில் எண் எழுதித் தருவார்கள், அவ்வளவுதான்.

“இப்ப எடுக்கற எச்.ஐ.வி. டெஸ்ட்ல தெரியாமப் போகலாம். மூணு மாசம் கழிச்சு எடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்,” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் வீட்ல விலகி இருங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்துடுங்க.”

விலகி இருக்க விரதம் கைகொடுத்தது. கூட்டிக்கொண்டு வரத்தான் வழி தெரியவில்லை. என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவது? எண்ணைப் பார்க்கவே பிடிக்காமல் சீட்டை நான்காக மடித்து, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் அவருக்குத் தோன்றவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். வாயைத் திறக்கும்போது சரசு இன்னொரு கரண்டி கூட்டு வைப்பாள். “விரதம் இருக்கற உடம்பு, நல்லா சாப்பிடுங்க,” என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடுவார். ‘எனக்கு எது வேண்டுமானாலும் வரட்டும், அவளுக்கு மட்டும் ஒன்றும் இருக்கக் கூடாது’ என்பதுதான் காலையில் கை கூப்பும்போதெல்லாம் அவருடைய ஒரே பிரார்த்தனை.

மார்ச் நடுவில் இரண்டாவது முறையாக ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, சீட்டை மறுபடி படத்துக்குப் பின்னாலேயே செருகினார். ஒரு வாரத்தில் ரிசல்ட் என்றார்கள். அந்த ஒரு வாரம் போதும் போதும் என்றாகிவிட்டது. ரத்தம் கொடுத்த மறுநாளே சரசுவின் முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“கையில என்ன?”

“வடை சுடும்போது எண்ணெய் தெறிச்சிடுச்சு.”

“பார்த்துச் செய்யக் கூடாதா?” என்றார். அவருக்கு அப்போது கண்ணீர் முட்டியது. எண்ணெய்க்கே இப்படிப் பதறுகிறவர் அவளுக்கு என்ன செய்து வைத்திருக்கிறார்?

அதற்கடுத்த வாரச் சனிக்கிழமை காலை சரசு குளிக்கப் போன நேரம் பார்த்து, படத்துக்குப் பின்னால் விரலை விட்டுச் சீட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“தேக்கா மார்க்கெட்ல பூ வாங்கிட்டு வரேன் சரசு,” என்று குளியலறைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

“நிதானமாப் போங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிளினிக்கில் திவ்யதர்ஷினி என்று பேட்ஜ் குத்தியிருந்த இளம் நர்ஸ், சீட்டைப் பிரித்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினாள். சுந்தரேசன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நெகட்டிவ், அங்கிள். எல்லாமே கிளியர். இனிமே கவலைப்படாதீங்க லா.”

சுந்தரேசன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். திவ்யதர்ஷினி டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

“இன்னைக்கே வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்மா. அவளையும் இங்க கூட்டிட்டு வரணும். அவ அடிச்சாலும் வாங்கிக்கறேன்.”

“கண்டிப்பாச் சொல்லுங்க அங்கிள்,” என்றவள் திரையை மறுபடி பார்த்தாள். அவள் முகம் மாறியது. “சாரி அங்கிள், ஒரு நிமிஷம். இந்த நம்பர்ல ஃபீமேல், வயசு நாற்பத்தாறுன்னு இருக்கே. இது உங்க சீட்டுதானா?”

சுந்தரேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஈரம் காயாத தலையோடு, மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு சரசு நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது.

“அது என்னோடது,” என்றாள். “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முருகன் படத்தைத் துடைக்கறது யாருன்னு நினைச்சீங்க? என் சீட்டையும் அங்கயே செருகி வச்சிருந்தேன், நீங்க மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க.”

சரசு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய சீட்டை நர்ஸிடம் நீட்டினாள். இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோபத்தையெல்லாம் வீட்ல வச்சிட்டு வந்திருக்கேன். முதல்ல இதைச் சேர்ந்தே கேட்போம்.”