பனிக்குப் போன புல்டோசர்

வெயில் கொளுத்தும் சமவெளிக்காகச் செய்த புல்டோசர் அது. மலைப்பாதையில் பனி தள்ளுவதற்கு ஏற்றபடி அதை மாற்றும் வேலை மெக்கானிக்குக்குக் கிடைத்தது. ஓட்டப்போவது அவருடைய தங்கை. காலையில் வண்டி கிளம்பாவிட்டால் மேலே இருக்கும் ஊருக்கு ஆம்புலன்ஸ்கூடப் போக முடியாது. அவர் குளிரில் உறையாத ஆயில் ஊற்றினார், இன்ஜினுக்கு ஹீட்டர் வைத்தார், சறுக்காமலிருக்கச் செயின் பட்டைகளை அகலப்படுத்தினார்.

முதல் வாரமே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, சாவியைத் திருப்பினதும் கிளம்பிடுது. சீட்டுக்கும் ஹீட்டர் வெச்சியே, உனக்குக் கோடிப் புண்ணியம்."

"சீட்டுக்கு நான் எதுவும் வைக்கலையேம்மா."



"காலையில ஏறும்போதே சூடா இருக்குண்ணா. யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி."

"பயமா இருந்தா வேற சீட் மாத்தித் தரேன்."

"வேணாம். இந்தக் குளிர்ல எனக்காக இடத்தைச் சூடு பண்ணி வைக்க வேற யாரு இருக்கா?"

அடுத்த மாதம் அவர் அவளைப் பார்க்கப் போனார். பாதை சுத்தமாக இருந்தது. மேலே இருந்த ஊர்க்காரர்கள் தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மறுநாள் காலை அவள் வண்டியின் கதவைத் திறந்து, யாரோ இறங்க வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஏறி உட்கார்ந்தாள்.

பின்னால் நின்றிருந்த அவரும் தன்னையறியாமல் ஓரடி ஒதுங்கினார்.