சுவர்க்கடிகாரம் மிச்சம் பிடித்த நாள்

ஒரு கைப்பேசிக்குச் சிக்கனம் பிடித்துப்போயிற்று. ரயில் பயணத்தில் ஒருமுறை சார்ஜ் தீரப்போகிறதே என்று பேட்டரி சேவரைப் போட்டுக்கொண்டது. வீட்டுக்கு வந்து நூறு சதவீதம் நிரம்பிய பிறகும் அதை எடுக்க மனசு வரவில்லை. திரையை மங்கலாக்கிக்கொண்டு, வருகிற செய்திகளைக்கூட உள்ளே விடாமல், மேஜைமேல் படுத்தே கிடந்தது.

"காலையிலேர்ந்து ரெண்டே சதவீதம்தான் குறைஞ்சிருக்கு, பாத்தியா மாப்ளே?" என்று எதிரே இருந்த சுவர்க்கடிகாரத்திடம் பெருமையடித்துக்கொண்டது.

கடிகாரம் கொஞ்சம் நெளிந்தது. "நானும் ஒருதடவை இப்படித்தான் மிச்சம் பிடிச்சேன். செல் தீரப்போகுதேன்னு மெதுவா ஓடினேன். அன்னைக்கு இந்த வீட்ல எல்லாரும் பஸ்ஸை விட்டுட்டாங்க."

கைப்பேசிக்குச் சுருக்கென்றது. உடனே சேவரை எடுத்துவிட்டது. திரை பளிச்சென்று ஆனது. வெளியே காத்துக்கிடந்த செய்தி உள்ளே ஓடிவந்தது: "அக்கா, ஸ்டேஷன்ல இறங்கி அரைமணி நேரமாச்சு. எங்கே இருக்கே?"

அதைப் பார்த்ததும் வீட்டுக்காரி தமயந்தி கைப்பேசியை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கைப்பேசியில் மிச்சம் ஒன்பது சதவீதம்.

"மாப்ளே, அக்காவும் தங்கச்சியும் பிளாட்பாரத்துலயே சண்டை போட்டு, உடனே சிரிச்சு, நாற்பது போட்டோ எடுத்து..." என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தது.

"பேட்டரி சேவரைப் போடட்டுமா?" என்று திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"சும்மா இரு," என்று அதை அதட்டியது கைப்பேசி. "இன்னும் பீச்சுக்குப் போனதையே சொல்லலை!"