தட்டின் முன் மௌனம்

"சாப்பாட்டு மேஜையில ஒரு வார்த்தை கிடையாது மேடம். தண்ணி வேணும்னாகூட கையைத்தான் நீட்டுறாங்க. ஆப்பிரிக்கச் சமூகம் உணவுக்குக் கொடுக்கிற மரியாதை அது. என் ஆய்வுக்குத் தலைப்பே 'தட்டின் முன் மௌனம்'தான்!"

பேராசிரியை தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறையில் அவர் முன் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் அவள். எதையும் வாதாடியே சாதித்துவிடுவதால் வகுப்பில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். ஆப்பிரிக்கச் சமூகத்தையும் பண்பாட்டையும் நேரில் படிக்கக் கல்லூரியிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள், ஆளுக்கொரு வீட்டில் தங்கியிருந்தார்கள். நாளை ஆய்வுரை. யாருடையது சிறந்ததோ அவருக்குத்தான் பேராசிரியையிடம் ஆராய்ச்சி செய்ய இடம். அது தன் பையில் விழுந்தாயிற்று என்றே வக்கீல் நினைத்தாள்.

"ஆப்பிரிக்கா என்ன ஒரே வீடா? ஒரு வீட்டைப் பார்த்துட்டு ஒரு கண்டத்துக்கே தீர்ப்பு எழுதுறியே."

"சரி மேடம், 'இந்த வீட்டில்'னு போட்டுக்கிறேன். ஆனா வீட்டுக்காரர் யாரு? ரேடியோ அறிவிப்பாளர். நாள் முழுக்கப் பேசுறதுதான் பிழைப்பு. அவரே தட்டைப் பார்த்ததும் கப்சிப்னு ஆயிடுறார்னா, எவ்வளவு ஊறிப்போன வழக்கமா இருக்கணும்!"

"நீயா பேச்சுக் கொடுத்துப் பார்த்தியா?"

"எப்படி மேடம்? 'சாப்பிடும்போது அவங்க என்ன செய்றாங்களோ அப்படியே செய், முந்திக்காதே'ன்னு நீங்கதானே சொன்னீங்க? முதல் நாள்லேர்ந்து வாயைத் தச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டதே தனி ஆராய்ச்சிக்கு உரிய விஷயம்.

"சரி, இன்னிக்கு மதியம் நானும் வர்றேன். கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்."

அறிவிப்பாளரின் மனைவி தையல்காரி. துணி வெட்டும் பெரிய மேஜையைத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையாக்கியிருந்தாள். கழுத்தில் இன்ச் டேப் இன்னும் தொங்கியது. விருந்தாளியை வரவேற்று அவளும் மகளும் கலகலவென்று பேசினார்கள். அறிவிப்பாளரோ வாசலிலேயே பாதிச் செய்தி வாசித்து முடித்துவிட்டார்.

தட்டு வந்தது. அவ்வளவுதான், யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி ஆயிற்று. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அறிவிப்பாளர் எதற்கோ வாயைத் திறந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள், அவசரமாக ஒரு கவளத்தைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டார். மகள் உதட்டைக் கடித்தபடி தட்டையே பார்த்தாள். 'எப்படி?' என்பது போல் வக்கீல் புருவத்தை உயர்த்தினாள். பேராசிரியை அசந்துபோய்த் தலையாட்டினார்.

விடைபெற்று வாசலுக்கு வந்ததும் பேராசிரியை அவள் முதுகில் தட்டினார். "ஒத்துக்கிறேன். எத்தனை வருஷமா மாணவர்களைக் கூட்டிட்டு வர்றேன், இதை நானே கவனிச்சதில்ல. அந்த இடம் உனக்குத்தான்!"

வக்கீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குள் அறிவிப்பாளர் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் பின்னால் வந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்க, மனசு கேக்கல. உங்க ஊர்ல சாப்பிடும்போது யாருமே பேச மாட்டீங்களா? எங்க வீட்ல சாப்பாடுன்னாலே தெருவுக்கே கேக்கும். இப்ப வாயைக் கட்டிக்கிட்டு மூணு பேருக்கும் சோறே இறங்கல. ஆனா நீங்கதானே போன்ல சொன்னீங்க, 'சாப்பிடும்போது வர்ற பொண்ணு எப்படி இருக்கோ அப்படியே நீங்களும் இருங்க, முந்திக்காதீங்க'ன்னு?"

வக்கீல் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் தட்டு எதுவும் இல்லாமலேயே மேடம் மௌனமாகியிருந்தார்.