இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“கையும் களவுமா மாட்டிக்கிட்டான், மேடம்!” என்று அகராதிக்காரர் இரண்டு புத்தகங்களைத் தலைமையாசிரியையின் மேசையில் பொத்தென்று போட்டார்.

எதிர் நாற்காலியில் களவாணி கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை, அகராதிக்காரரின் மனைவியின் தம்பிதான். அவருடைய அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். ‘நீ எதுக்கும் லாயக்கில்ல’ என்று போன வருடம் துரத்தப்பட்டவன். அதற்காக மனைவி ஒரு மாதம் பேசவில்லை. அகராதிக்காரருக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

இப்போது அவனும் ஓர் ஆங்கில அகராதி போட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் முழுவதற்கும் வாங்கப்போவது ஒரே அகராதி. இன்று தேறுகிற அச்சகம் பிழைக்கும், மற்றதற்குப் பூட்டுதான்.

“இங்க பாருங்க, ‘கெட்’. வாங்கறதும் கெட், பஸ்ஸைப் பிடிக்கறதும் கெட், சளி பிடிக்கறதும் கெட், சொன்னது புரியறதும் கெட். இங்கிலீஷ்காரன் இந்த ஒரு சொல்லை வச்சே குடும்பம் நடத்திடுவான். இது எங்க பொறந்துச்சுன்னு என் புஸ்தகத்துல படிங்க.”

தலைமையாசிரியை படித்தார்: “பழைய துறைமுகங்களில் ஏலம் விடுவோர் மரத்துண்டால் மேசையைத் தட்டிய ‘கெட், கெட்’ ஓசையிலிருந்து பிறந்தது.”

“இப்ப இவன் புஸ்தகம்.”

எழுத்துக்கு எழுத்து அதேதான். நேற்று அக்காவைப் பார்க்க வந்தவன் சாப்பாட்டு மேசையில் மறந்துவிட்டுப் போன பிரதி அது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் மை இன்னும் விரலில் ஒட்டியது. அவசரத் திருட்டு அப்படித்தான் இருக்கும் என்று அகராதிக்காரர் நினைத்துக்கொண்டார்.

“எல்லாப் புஸ்தகத்துலயும் பூமி உருண்டைதான் மாமா. அதைத் திருட்டுன்னா சொல்லுவாங்க? உண்மை பொதுச்சொத்து” என்றான் மச்சினன்.

அகராதிக்காரருக்கு அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது.

“உண்மையா? அட கூறுகெட்டவனே, அது நான் குளிக்கறப்போ ஜோடிச்சது! மேடம், அகராதி போடறவங்க ஒரு பொய்யை உள்ள ஒளிச்சு வைப்போம். காப்பி அடிக்கறவன் அதையும் சேர்த்து அடிச்சு மாட்டுவான். இது பொய்னு என்னையும் என் சம்சாரத்தையும் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது!”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ரெண்டு வருஷமா எங்க பிள்ளைங்க ஏலம், மரத்துண்டுன்னு மனப்பாடம் பண்ணினது?”

“ஒரே ஒரு பொய்தான், மேடம்...” குரல் படியிறங்கியது. “இவனும் அதே பொய்யைத்தானே அச்சடிச்சிருக்கான்?”

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்தார். மச்சினன் போன வாரம் பள்ளிக்குக் கொடுத்திருந்த பிரதியை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

“‘வடகடல் மக்களின் பழைய மொழியிலிருந்து வந்தது’ன்னு இருக்கு. இதுல ஏலத்தையே காணோமே!”

அகராதிக்காரர் தம் கையிலிருந்த பிரதியைப் பார்த்தார். விரலில் இருந்த மையைப் பார்த்தார். “அப்ப... இது?”

மச்சினன் கைக்குட்டையை நிதானமாக மடித்துப் பையில் வைத்தான்.

“அந்தப் பக்கம் உங்களுக்காகவே அடிச்சது, மாமா. அக்கா ஐடியா.”