சீர்மைச் செம்மல்

"மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்! இந்த மூஞ்சியை தினமும் எப்படித்தான் பார்க்கிறியோ தம்பி?"

கூடத்தில் கணவர் போட்ட சத்தத்தில், சமையலறையில் இருந்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறான். பெற்ற பெண்ணைப் பற்றி மனுஷன் இப்படியா பேசுவார்? பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, திட்டு பையனின் லேப்டாப்புக்கு.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஆப்களுக்கு முகம் வடிவமைப்பது அவர் தொழில். எந்த மேடையில் ஏறினாலும் "சீர்மை" என்று ஆரம்பித்து, இரண்டு முறை இருமி, "சீர்மை" என்றே முடிப்பார். 'சீர்மைச் செம்மல்' என்று யாரோ பட்டம் கொடுக்க, அதை வாசல் பெயர்ப்பலகையிலும் ஏற்றியாயிற்று. வீட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும்கூட ஒரே மாதிரி டப்பா. காபி எப்படி வரும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

கல்யாணத்துக்குத் தேதி பார்க்கத்தான் பையன் லேப்டாப்பைத் திறந்தான். அவர் பிடுங்கிக்கொண்டார்.

மெயிலை அனுப்பப் போய் ரத்து செய்தார். ஃபைலைச் சேமிக்கப் போய் அதையும் ரத்து செய்தார்.

"'சரி' பட்டன் வலது ஓரத்தில்தானேய்யா இருக்கணும்?"

"இதுல இடது பக்கம் சார். இது வேற டெஸ்க்டாப், திரை அமைப்பே வேற."

"அந்தக் கண்றாவியை எல்லாம் நான் என் மெஷின்ல ஏத்தினதே இல்ல!" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, நாள்காட்டி ஆப்பைத் திறந்தார்.

"ஐயோ சார், அது மட்டும் வேணாம்..." பையன் கை நீட்டுவதற்குள் அது திறந்துகொண்டது.

தலைப்புப் பட்டைக்கு அடியில் இன்னொரு தலைப்புப் பட்டை. ஐகான்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டம். கறுப்புத் தரையில் கறுப்பு எழுத்து.

"த்தூ! சாப்பிட்டது வெளியே வந்துடும்போல இருக்கு."

"வேற டூல்கிட்ல செஞ்சது சார். பட்டன், மெனு எல்லாம் அது குடுக்கிறதுதான். அதுக்கேத்த டெஸ்க்டாப்ல லட்சணமா இருக்கும். இங்க வந்தா இந்தக் கோலம்."

"சப்பைக்கட்டு கட்டாதே! செய்யறவன் நாலு டெஸ்க்டாப்ல ஓட்டிப் பார்க்க வேண்டாமா? பார்க்காமலே ஊர் தலையில கட்டிடறதா?"

செத்த எலியைத் தொடுவதுபோல ஒற்றை விரலால் ஒரு தேதியைத் தொட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டே 'சரி' கொடுத்தார். இந்த ஒரு ஜன்னலில் மட்டும் 'சரி' வலது ஓரத்திலேயே இருந்தது; அவர் கை தப்பவில்லை.

"யார் செஞ்சது இதை?"

பையன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்தான்.

"நீயும் ப்ரோகிராமர்தானே? மென்னு முழுங்கறதைப் பார்த்தாலே தெரியுதே!"

"சத்தியமா நான் இல்ல சார்."

"பின்னே யாரு? பேரைச் சொல்லேன்!"

பையன் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தேவிட்டார். "தேதியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! இதைச் செஞ்சவன் இனி ஒரு நிமிஷம் இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. வெளியே போகச் சொல்லு!"

"நிஜமாத்தான் சொல்றீங்களாப்பா?" என்றாள் மகள்.

"செம்மல் சொன்னா சொன்னதுதான்!"

மகள் விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். ஒரு ஜோடி செருப்பை எடுத்துத் தெருவைப் பார்த்து வைத்தாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஏய், அது என்னோட செருப்பு!"

"ஆமாப்பா. அந்த ஆப்பும் உங்களோடதுதான்."