நாலாவது வார்த்தை

"மூணு வார்த்தை சொல்றேம்மா. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்பேன், திருப்பிச் சொல்லணும்" என்றார் டாக்டர். சற்குணவதிக்கு எழுபத்தொன்பது வயது. தேறினால் தன் வீட்டிலேயே இருக்கலாம். தவறினால் மகன் தயாளன் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவான்.

"எல்லாம் மறந்துபோகுது டாக்டர். அப்பா போனதிலேருந்தே இப்படித்தான்." பின்னால் நின்ற தயாளன் அம்மாவின் தோளை அழுத்தினான்.

"உனக்கு முதல் பல் விழுந்த கிழமைகூட ஞாபகமிருக்கு. சும்மா இருடா."

ஐந்து நிமிடம் ஓடியது. "சொல்லுங்கம்மா."

"மாம்பழம், சாவி, குடை, தலையணை."

டாக்டர் சிரித்தார். "நான் மூணுதாம்மா சொன்னேன்."

"நாலு. நாலாவது மட்டும் வேற குரல்."

முப்பது வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். யாரும் சொல்லாத வார்த்தை ஒன்றைக்கூட அவர் விரல்கள் அடித்ததில்லை. அந்தக் குரலும் அவருக்குப் புதிதல்ல. நாற்பத்தாறு வருடம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல். போன ஆடியில், தயாளன் மட்டும் துணைக்குப் படுத்திருந்த அறையில், தூக்கத்திலேயே அடங்கிப்போன குரல்.

தோளிலிருந்து கை நழுவியது. "போதும் டாக்டர். இன்னொரு நாள் வர்றோம்."

"இருங்க சார், நல்லாத்தானே சொல்றாங்க? புதுசா மூணு கேட்டுப் பார்க்கிறேன். ரோஜா... பஸ்... கண்ணாடி."

சற்குணவதி தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு நாலாவதுக்காகக் காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால், தயாளனின் மூச்சுச் சத்தமும் நின்றிருந்தது.